நெல்லைச் சாலைகளில் அடாஸ்: மூன்று வரிசை எஸ்யூவிகள் மூன்றை ஓட்டிய அனுபவம்

எங்கள் உறவுக்குள் மூன்று வரிசை இருக்கை கொண்ட எஸ்யூவிகள் மூன்று இருக்கின்றன. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஆட்டோமேட்டிக் மஹிந்திரா எக்ஸ்யூவி 700, அம்பாசமுத்திரத்தில் அத்தான் வீட்டில் 2023 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்டு வந்த டாடா சஃபாரி, வள்ளியூரில் சித்தப்பா வீட்டில் 2024 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டு வந்த ஹூண்டாய் அல்கசார். கோயில் கொடை, கல்யாணம், குற்றாலம் என்று எங்கே போனாலும் வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுவது எங்களுக்கு வழக்கம் என்பதால், மூன்றின் அடாஸ் வசதிகளையும், அதாவது கேமரா, ரேடார் மூலம் ஓட்டுநருக்குத் துணை செய்யும் வசதிகளையும், கேமராக்களையும் ஒரே சாலையில், எல்லாப் பருவத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எதில் வசதி அதிகம் என்று எண்ணிக் கேட்கிறார்கள். ஒரு வசதி நம் சாலையில் எந்த இடத்தில் கைவிடுகிறது, கைவிடும்போது அதை ஓட்டுபவருக்குத் தெளிவாகச் சொல்கிறதா என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் முடிவு.

மூன்றிலும் முன்கண்ணாடியின் உட்புறம், உள்கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கேமரா இருக்கிறது. முன்புறத்தில் ஒரு ரேடார் இருக்கிறது. கேமரா சாலையின் வெள்ளைக் கோடுகளையும் வண்டிகளின் உருவத்தையும் பார்க்கிறது. ரேடார் முன்னால் செல்லும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. வேறுபாடு பின்பக்கத்தில்தான். சஃபாரியிலும் அல்கசாரிலும் பின்பம்பருக்குள் ரேடார்கள் உண்டு. அதனால் பக்கவாட்டில் மறைந்து வரும் வண்டியையும், ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வரும் வண்டியையும் அவை எச்சரிக்கின்றன. 2021 ஆகஸ்டில் அறிமுகமான எக்ஸ்யூவி 700 அந்தப் பின் ரேடார்கள் இல்லாமல் வந்தது. பக்கக் கண்ணாடிக்குக் கீழே உள்ள கேமராவின் படத்தை இண்டிகேட்டர் போட்டதும் ஓட்டுநருக்கு முன் உள்ள திரையில் காட்டும் வசதி அதன் உயர் ரகத்தில் உண்டு. மூன்றிலுமே அடாஸ் மேல் ரகங்களில் மட்டும்தான் உண்டு என்பதை விலை கேட்கும்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்குவழிச் சாலையில், அதாவது மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில், மூன்றும் நன்றாகவே நடந்துகொள்கின்றன. கங்கைகொண்டானிலிருந்து நாங்குநேரி டோல்கேட் வரை முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டால் கால் வலி தெரிவதில்லை. ஆனால் இடைவெளியை மிக அதிகமாக வைத்தால் அந்த இடத்தில் யாராவது நுழைந்துவிடுகிறார்கள், உடனே நம் வண்டி பிரேக் பிடிக்கிறது. மிகக் குறைவாக வைத்தால் முன்னால் செல்லும் டாரஸ் லாரி திடீரென்று பிரேக் போட்டால் நமக்கு நேரமிருக்காது. நடு அளவே எனக்குச் சரியாக இருந்தது. மூன்றடைப்புப் பக்கம் மீடியன் இடைவெளியில் குறுக்கே வரும் இருசக்கர வாகனங்களும், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மொபெட்டுகளும்தான் பெரிய சிக்கல். அவற்றை வண்டி கவனிப்பது உண்டு, ஆனால் நம் கண் கவனித்த பிறகே. அந்த இடங்களில் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டுவதே நல்லது.

பணகுடி தாண்டி காவல்கிணறு செல்லும் வழியில் ஆனி, ஆடி மாதக் காற்று வேறு ஒரு சோதனை. காற்றாலை இறக்கை ஏற்றிய நீண்ட டிரெய்லரைக் கடந்து முன்னே வந்த நொடியில் வண்டியின் பக்கத்தில் காற்று மோதுகிறது. தடத்தை விட்டு விலகாமல் பிடிக்கும் வசதி அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக எதிர்ப்பக்கம் திருப்புவதை உள்ளங்கையில் உணரலாம். எக்ஸ்யூவி 700இலும் அல்கசாரிலும் இது உதவியாகவே இருந்தது. அத்தானின் சஃபாரியில் தடம் விலகினால் எச்சரிக்கை மட்டுமே உண்டு. ஸ்டியரிங்கைத் திருத்தும் வசதி அந்த மாடலில் பின்னரே சேர்ந்தது. பழைய இருப்பிலோ இரண்டாம் கையாகவோ வாங்குபவர்கள் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் கதையே வேறு. கோடு ஓரிடத்தில் இருக்கும், அடுத்த வளைவில் அழிந்திருக்கும். கார், பிசானம் என்ற நெல் பருவங்களின் அறுவடை நாட்களில் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கருங்கல் வரிசையாக வைத்திருப்பார்கள். அந்தக் கல் எந்த வண்டியின் கேமராவுக்கும் தடையாகத் தெரிந்ததாக நான் பார்க்கவில்லை. நெல்லை விட்டு நாம் விலகும்போது, பழைய வெள்ளைக் கோடு கண்ணில் பட்டால், வண்டி ஸ்டியரிங்கை நெல்லின் பக்கமே இழுக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் இழுப்பது நின்றுவிடும். கைவிடும்போது தெளிவாகச் சொல்கிறதா என்று நான் முதலில் கேட்டதன் பொருள் இங்கேதான் தெரிகிறது. ஸ்டியரிங்கைத் திருத்தும் இரண்டில் ஒன்றில், கோடு தெரியாமல் போனால் திரையில் பச்சை நிறத்தில் இருந்த ஸ்டியரிங் படம் ஓசையின்றிச் சாம்பல் நிறமாக மாறிவிடும். வளைவில் கண் சாலையில் இருக்குமே தவிரத் திரையில் இருக்காது. வண்டி பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கையில் கை தளர்ந்திருக்கும். மற்றொன்றில் மெல்லிய ஒலியும் சேர்ந்து வருகிறது. இந்த ஒரு ஒலிக்காகவே நான் அந்த வண்டியை அந்தச் சாலைக்கு எடுத்துச் செல்கிறேன்.

இரவில் தானாக ஹை பீமைக் குறைக்கும் வசதி எதிரே கார் வந்தால் சரியாக வேலை செய்கிறது. விளக்கில்லாத டிராக்டர், சைக்கிள், ஆட்டுக் கிடையோடு நடந்து செல்பவர் ஆகியோருக்கு அது குறைப்பதில்லை. நடந்து வருபவரின் கண் கூசுவதை நினைத்து நான் கையாலேயே குறைத்துக்கொள்கிறேன்.

கேமராக்களைப் பற்றி மனத்திருப்தியோடு சொல்ல முடியும். எக்ஸ்யூவி 700இன் நீளம் 4,695 மில்லிமீட்டர், சஃபாரி 4,668, அல்கசார் 4,560. மூன்றாம் வரிசையில் தலை தெரிய ஆட்கள் அமர்ந்து, அவர்களுக்குப் பின்னால் பைகளும் இருந்தால், உள்கண்ணாடியில் பின்சாலை தெரியாது. நெல்லையப்பர் கோயிலின் ரத வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளில் இந்த நீளத்தைத் திருப்புவதற்கு நான்கு பக்கமும் காட்டும் கேமரா இல்லாமல் எனக்கு இப்போது துணிவு வருவதில்லை. ஓடையின் விளிம்பு, திண்ணையின் மூலை, நிறுத்தியிருக்கும் பைக்கின் ஹேண்டில் ஆகியவை மேலிருந்து பார்ப்பது போலத் தெரிகின்றன. இண்டிகேட்டர் போட்டதும் வரும் பக்கவாட்டுப் படம் எக்ஸ்யூவி 700இலும் அல்கசாரிலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள திரையில் வருகிறது. சஃபாரியில் நடுத்திரையில் வருகிறது. வண்ணார்பேட்டையில் இடப்பக்கம் நுழைந்து வரும் பைக்குகளுக்கு நேர் எதிரே இருக்கும் திரையே வேகமாகக் கண்ணில் படுகிறது. வீட்டு கேட்டிலிருந்து தெருவுக்குப் பின்னோக்கி எடுக்கும்போது மட்டும் பின் ரேடார் உள்ள இரண்டும் முந்திவிடுகின்றன. மதில் மறைவிலிருந்து வரும் பைக்கை கேமரா காட்டும் முன்பே அவை ஒலி எழுப்புகின்றன.

ஏழு பேரும் சுமையும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் உயர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பின் கேமராவின் வழிகாட்டிக் கோடுகள் அப்போது உண்மையான தூரத்தைக் காட்டுவதில்லை. பிரேக் பிடிக்கும் தூரமும் கூடுகிறது. தானியங்கிப் பிரேக் முழு வலுவோடு பிடித்தால் மூன்றாம் வரிசையில் பெல்ட் போடாமல் இருக்கும் பிள்ளைகள் முன் இருக்கையின் முதுகில் மோதுவார்கள். ஆச்சி சேலையில் சுருக்கம் விழும் என்று மறுத்தாலும், எங்கள் வண்டியில் எல்லோரும் பெல்ட் போட்ட பிறகே சாவியைத் தொடுகிறேன்.

சாரல் காலத்தில் பாவூர்சத்திரம் தாண்டியதும் பின் கேமராவின் லென்ஸில் நீர்த்துளியும் சேறும் படிந்துவிடும்; துணியால் துடைப்பதே வழி. முன்கண்ணாடி அதைவிட முக்கியம். ஜல்லி ஏற்றிய டிப்பரிலிருந்து தெறித்த கல்லால் எங்கள் கண்ணாடியில் விரிசல் விழுந்து மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிக் கொடுத்த பணிமனை கேமராவை மீண்டும் அளவுபடுத்தாமலே வண்டியைத் திருப்பித் தந்தது. அதன்பின் நேர்ச்சாலையிலேயே ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. வேறு இடத்தில் அளவுபடுத்திய பிறகு சரியாயிற்று. கண்ணாடி மாற்றினால் கேமராவை அளவுபடுத்தியதற்கான குறிப்பைப் பில்லில் எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் அந்தச் செலவும் சேருமா என்று முன்பே கேளுங்கள்.

இன்று புதிதாக வாங்குவதென்றால் பின் ரேடாரும் பக்கவாட்டுக் கேமராவும் சேர்ந்த ரகத்தையே எடுப்பேன். ஸ்டியரிங் திருத்தும் வசதிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன். ஷோரூமில் பைபாஸில் ஓட்டிக் காட்டுவார்கள். அதோடு விடாமல், சேரன்மகாதேவி சாலையில் மாலை இருட்டும் நேரத்தில் ஒருமுறை ஓட்டக் கேளுங்கள். கோடு மறையும் இடத்தில் ஒலி வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.