விதிப் பட்டியலா, அன்றாட வழக்கமா: மண்டபத்தில் ஒரு வலையமைப்புக் காவல்

மண்டபம் அருகே கடல் உணவு பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றின் நாற்பது கணினிகளும், குளிர் அறைக் கேமராக்களும் என் பொறுப்பில் இருக்கின்றன. ஊடுருவலைக் கண்டறிய, சூரிகாட்டா என்ற கண்காணிப்பு மென்பொருளின் விதிப் பட்டியலோடு (தெரிந்த தாக்குதல்களின் அடையாளங்களோடு) ஒப்பிட்டுப் பார்ப்பதா, கணினித் தொடர்புகளைக் குறித்துவைக்கும் ஸீக் என்ற மென்பொருள் தரும் பதிவுகளிலிருந்து வலையமைப்பின் அன்றாட வழக்கத்தைக் கணித்து, அதிலிருந்து விலகுவதைப் பிடிப்பதா என்று சென்ற ஆண்டு முடிவுசெய்ய நேர்ந்தது. இரண்டாவதையே முதன்மையாகக் கொண்டேன்.

விதிப் பட்டியல் எளிது. தெரிந்த தாக்குதலைப் பெயர் சொல்லிக் காட்டும். நாள்தோறும் புதுப்பித்தால் போதும்.

ஆனால் பெருந்தீங்கு பல வேளைகளில் எந்த ஒரு கணினியிலும் தனியே தெரியாமல், பல கணினிகள் சேரும்போதுதான் உருவாகிறது. 1988இல் இணையத்தில் தானாகப் பரவிய மாரிஸ் புழு என்ற நிரல், தான் முன்பே புகுந்த கணினியிலும் ஏழில் ஒரு முறை மீண்டும் தங்கும்படி எழுதப்பட்டிருந்தது. அந்தச் சிறு விகிதமே பிரதிகளைக் குவித்துக் கணினிகளை முடக்கியது. எங்கள் கேமராக்களும் ஒவ்வொன்றும் மணிக்கு ஓரிரு முறைதான் வெளியே தொடர்புகொண்டன. எந்த விதியும் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. பன்னிரண்டு கேமராக்களின் பதிவுகளையும் நேர வரிசையில் அடுக்கியபோதுதான், எல்லாம் ஒரே முகவரிக்கு, ஒரே அளவில், சில நொடி இடைவெளியில் சென்றது தெரிந்தது. கேமராக்களைப் பொருத்தியவர் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்தார்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்புதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எடைமேடைக் கணினியும் பில் போடும் கணினியும் ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. அந்த அமைதியையே இயல்பென்று கணித்த கருவி, விசைப்படகுகள் முதல் மீன்பாட்டைக் கொண்டு கரை சேர்ந்த காலையில் நிறுத்தாமல் எச்சரித்தது. படகு கடலுக்குப் போகும் நாளுக்கும் போகாத நாளுக்கும் இடையிலும் இதே வேறுபாடு உண்டு என்பதால், பொதுவான சராசரி இங்கே உதவாது. தடைக்காலத்துக்கு ஒன்று, தொழில் நாளுக்கு ஒன்று, ஓய்வு நாளுக்கு ஒன்று என மூன்று வழக்கங்களைத் தனித்தனியே வைத்த பிறகே பொய் எச்சரிக்கைகள் அடங்கின. ஆண்டுக்கு இரு முறை அரை நாளும், அன்றாடம் அரை மணி நேரமும் இதற்குச் செலவாகின்றன. கரையின் நாட்காட்டி தெரிந்தவர் செய்தால்தான் அது பயன்படும்.

நான் பார்த்தது ஒரே ஒரு தடைக்காலம்தான். பெரிய வலையமைப்புக்கு இது பொருந்துமென்று உறுதி கூற மாட்டேன். அன்றாடம் பதிவைப் பார்க்க ஆள் இல்லாத இடத்துக்குச் சூரிகாட்டாவே ஏற்றது. நானும் அதை இணைய வாயிலில் துணையாக வைத்திருக்கிறேன். புயல் எச்சரிக்கையால் படகுகள் திடீரென நிற்கும் நாட்களுக்கு மட்டும் சரியான வழக்கம் இன்னும் அமையவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அதற்கான பதிவுகளைத் தனியே பிரித்துக்கொண்டிருக்கிறேன்.