மாத்திரையா, இன்ஹேலரா? முதிய நாயின் இருமலுக்கு எது தோது

நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்றானதும் கால்நடை மருத்துவர் சொன்ன வழிகள் இரண்டு: பிரெட்னிசோலோன் மாத்திரை, அல்லது முகமூடி வைத்து இழுக்கும் ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர். இரண்டும் ஸ்டீராய்டுதான். எங்கள் வீட்டில் நிலைத்தது இன்ஹேலர். என் சாய்வும் அந்தப் பக்கமே.

மாத்திரை மலிவு. கோழித்துண்டில் பொதிந்து கொடுத்தால் வேலை முடிந்தது. இருமலும் சீக்கிரம் தணியும். வேறு நோயில்லாத நாய் என்றால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

எங்களுடையது 13 வயது மினியேச்சர் ஷ்னாசர். நீரிழிவு, மூட்டுவலி இரண்டும் உண்டு. பிரெட்னிசோலோன் இன்சுலினை வேலை செய்யவிடாமல் சர்க்கரையை ஏற்றிவிடும். தாகமும் சிறுநீரும் கூடும். நள்ளிரவில் நாயோடு மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடிவாசிகளுக்கு அதன் அருமை தெரியும். பசி கூடி எடை ஏறினால் மூச்சு இன்னும் திணறும். மூட்டுவலிக்குத் தரும் மெலாக்சிகாமை இதனுடன் சேர்த்தால் வயிற்றில் புண் வரலாம். ஆக, இருமல் அடங்க வேண்டுமானால் வலிமருந்தை விட்டு நாய் நொண்ட வேண்டும். வேண்டாமென்று மாத்திரையைச் சட்டென நிறுத்தவும் முடியாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் ரத்தத்தில் கலப்பது குறைவு. அறவே கலக்காது என்று சொல்லமாட்டேன். சர்க்கரையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். செலவு பல மடங்கு. பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும், அதுவரை மாத்திரையும் உடன் ஓடும். திடீர்த் திணறலுக்கு இது உதவாது. நாக்கு நீலம் பாரித்தால் உடனே மருத்துவமனைதான்.

பழக்குவதுதான் பெரும்பாடு. முகமூடி விளிம்பில் அவித்த கோழியைத் தடவி, மூக்கை அதுவாகவே நுழைக்க விட்டோம். 'புஸ்' சத்தத்தைத் தூரத்தில் கேட்கவைத்த பிறகே மருந்து. அமுக்கியதும், இன்ஹேலருக்கும் முகமூடிக்கும் நடுவிலுள்ள ஸ்பேசர் குழாயின் சிறு இதழ் மூச்சுக்கு மூச்சு அசையும். அதை 7 முதல் 10 முறை எண்ண வேண்டும். குழாயைக் கழுவியபின் துணியால் துடைக்கக்கூடாது, துடைத்தால் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். சிங்கப்பூர் ஈரக்காற்றில் அது உலர்வதற்குள் பொறுமை போய்விடும்.

கழுத்துப்பட்டைக்குப் பதில் உடல்வார், புகைமூட்ட நாளில் சன்னலைச் சாத்துவது எல்லாம் யாரும் சொல்வதே. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்குத்தான் மாமியாரிடம் தனிப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது.

இதயம் வீங்கியும் இருமல் வரும். எக்ஸ்ரே எடுத்து அதைத் தெளிவாக்கிக்கொண்டபின்தான் நாங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தோம். இதயநோய் உள்ள நாயை நான் வளர்த்ததில்லை. அதற்கு மருந்தும் வேறு, கணக்கும் வேறு.