பதினஞ்சா பதினாறா பதினேழா: ப்ரியஸுக்கு ரிம் மாத்தினா மீட்டர் எவ்வளவு பொய் சொல்லும்?

வண்டிக்கு தன்ர வேகம் தெரியாது, சில்லு எத்தினை தரம் சுத்துது எண்டு மட்டும்தான் தெரியும், ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம் எண்டு கம்பனிக்காரன் போட்டு வச்ச கணக்குலதான் மீட்டர் நம்பர் காட்டுது. அதால "பதினேழு ரிம் போட்டா மீட்டர் பிழைக்கும்" எண்டு சும்மா சொல்றவங்கள நம்பாதீங்க. ரிம் பெருசாகி டயர் மெல்லிசானா மொத்த உயரம் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். பாக்கவேண்டியது அந்த உயரத்தத்தான்.

என்ட வண்டி டொயோட்டா ப்ரியஸ், 30 எண்டு சொல்ற மூண்டாம் தலைமுறை மொடல், கம்பனி டயர் 195/65 ஆர்15. 195 எண்டது டயரின்ட அகலம் மில்லிமீட்டர்ல, அதுல 65 வீதம் டயர் பக்கச் சுவரின்ட உயரம், 126.75 மில்லிமீட்டர், அது மேல ஒண்டு கீழ ஒண்டு, நடுவில ரிம் 15 இஞ்சிக்கு 381, கூட்டினா மொத்த உயரம் 634.5.

205/55 ஆர்16 போட்டா 631.9, அரை வீதம்கூட வித்தியாசமில்ல. 225/45 ஆர்17 எண்டா 634.3, அச்சு அசல் அதேதான். 215/45 ஆர்17 625.3க்கு இறங்கும், ஒண்டரை வீதம் குறைவு, ஆனா இது டொயோட்டாவே இதே மொடலின்ட டூரிங் வண்டிக்கு போட்டு அனுப்பின சைஸ். ஒண்டரை வீதத்துக்கு பயப்படுறவங்களுக்கு ஒண்டு சொல்றன், புது டயர்ல 8 மில்லி ஆழமிருக்கிற த்ரெட், அதாவது டயர் மேல இருக்கிற வெட்டு, 1.6க்கு தேஞ்சு வந்தா உயரத்துல 13 மில்லி கிட்ட போயிடும், அதுவே 2 வீதம்.

இப்ப நான் மாட்டின கதை. ஒரு கடையில 205/55 இல்ல, "60 இருக்கு பாஸ், 16 தானே, ஒரே சாமான்" எண்டு மாட்டி விட்டாங்க. ஒரே சாமான் இல்ல, 205/60 ஆர்16 எண்டா உயரம் 652.4, கிட்டத்தட்ட 3 வீதம் கூட. பழைய டயர்ல கொட்டாவயில ஹைவே ஏறி மீட்டர்ல 100 வச்சா போன் ஜிபிஎஸ் 97 காட்டும், இதுல ரெண்டும் 100. அட மீட்டர் திருந்திட்டுது எண்டு ரெண்டு நாள் சந்தோசப்பட்டன்! பிறகுதான் விளங்கினது, மீட்டர் உண்மையான வேகத்த விட குறைச்சு காட்டவே கூடாது, கூட்டி காட்டலாம் எண்டுதான் ஐ.நா. 39ம் இலக்க விதி இருக்கு, 10 வீதமும் அதுக்கு மேல 4 கிலோமீட்டரும் வரைக்கும் விடுவாங்க, அதுக்குத்தான் கம்பனிக்காரன் வேணுமெண்டே கொஞ்சம் கூட்டி வைக்கிறான். அந்த இடைவெளிய நான் டயரால தின்டு முடிச்சிட்டன். ஓடின தூரம் காட்டுற ஓடோமீட்டருக்கு பொதுவா அப்படி கூட்டி வைக்கிறேல்ல, அதால அது நேரா பிழைச்சிட்டுது. 5000த்துக்கு சர்வீஸ் எண்டு போனா வண்டி உண்மையில 5140 ஓடியிருக்கு. ஆள் நிறைய ஏத்தினா பின்னால உரசின சத்தம் வேற.

மத்தப்பக்கம் 195/55 ஆர்15, இது 595.5, 6 வீதத்துக்கு மேல குறைவு. மீட்டர்ல 100 எண்டா உண்மையில 91 போல, பொலிஸ் பயமில்ல. ஆனா மீட்டர் 1000 கிலோமீட்டர் எண்டு சொல்லேக்க ஓடினது 938தான், லீட்டருக்கு 22 போகுதெண்டு பெருமையடிக்கிற ஆளுக்கு நிசமா போறது இருபதரை. சின்ன டயர் போட்டா பெற்றோல் மிச்சம் எண்டு சொல்ற மச்சான்மார் இந்தக் கணக்க ஒருக்கா போட்டுப் பாருங்க, டயர் பக்கம் பாக்காம டிஸ்ப்ளேய மட்டும் பாத்தா எல்லாம் மிச்சம்தான்.

மீட்டர மட்டும் பாத்தா 225/45 ஆர்17 தான் முதலாவது. ஆனா மழை பெஞ்சு தண்ணி நிக்கிற கொழும்பு-காலி வீதியில குழி எங்க எண்டு தெரியாம இறக்கினா 45 டயர்ல ரப்பர் எங்க இருக்கு, நேரா ரிம்முலதான் அடிக்கும், டயரும் அகலம், பெற்றோலும் கூட குடிக்கும். நான் கடையோட கத்திட்டு 205/55 ஆர்16 மாத்தினன். இப்ப கொட்டாவயில ஏறினா மீட்டர்ல 100, போன்ல 97, பழையபடி.