டயர் மாத்துறப்போ டீ குடிக்கப் போயிராதீங்க

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் பைக் ஓடுறவங்க இத ஒருக்கா வாசிங்க. கடை பேரை எழுதல. இது ஒரு கடையோட முடியிற சங்கதியும் இல்ல.

என்னோடது பழைய சி.டி. 100. பின் டயர் மொட்டையாகிருச்சு. 2025 ஜூன், மழை விடாத கிழமை, டவுன்ல ஒரு கடைக்குப் போனேன். டயர் 11,500, டியூப் 1,900, கழட்டி மாட்ட 500. மொத்தம் 13,900 ரூபா. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அப்போ நாட்சம்பளம் 1,350. கணக்குப் பாத்தா பத்து நாள் கொழுந்துக்கு மேல.

"மழையில ஏன் நிக்கிறீங்க அண்ணே, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க"ன்னான் கடைப் பொடியன். மரியாதையா சொல்றானேன்னு போனேன். திரும்பி வந்தா வேலை முடிஞ்சிருச்சு. டயர் கறுகறுன்னு மினுங்குது, ரப்பர் மயிரு கூட உதிரல. பழைய டயரையும் டியூபையும் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

மூணாம் நாள் டிக்கோயா தாண்டி ஒரு இறக்கம். லேசான தூறல்தான், வேகமும் இல்ல. பின் பிரேக்க மிதிச்சதும் பைக் பக்கவாட்டுல போச்சு. எதிர்ல பஸ் வராதது என் நல்ல காலம். முழங்கால் தோல் மட்டும் போச்சு.

எங்க தோட்டத்து மெக்கானிக் மாமா பைக்க சாய்ச்சு, டயர்ல நகத்த அழுத்திப் பாத்தார். பதியல. மினுமினுப்ப மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சதும் பட்டன்னு சொல்ற ரப்பர் கட்டைகளோட இடுக்குல தலைமயிர் மாதிரி வெடிப்பு. சைட்ல ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள்ள 1417. முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். அதாவது 2017ல பதினாலாவது வாரம் செஞ்ச டயர், எட்டு வருஷம்! ஓடாம இருந்தாலும் ரப்பர் இறுகும். இருட்டான ஸ்டோர்ல வச்சிருந்தா கொஞ்சம் தாங்கும், இது கடை வாசல்ல வெயில் மழையில தொங்கினது. டயர் எந்தப் பக்கம் சுத்தணும்னு காட்டுற அம்புக்குறி வேற பின்பக்கம் பாத்து இருந்துச்சு.

பிறகு டியூப வெளிய எடுத்தார். வால்வுக்குக் கிட்ட ஒரு பெச். அத பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் அதே மாமாகிட்ட நான் ஒட்டின பெச் அது. 1,900 ரூபாவுக்கு என் டியூபயே எனக்கு வித்திருக்காங்க.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி கல்குலேட்டர்ல இருந்து தலைய தூக்கல. "டயர் என்ன பசும்பாலா தம்பி, திரிஞ்சு போக?" டியூப் கதைக்கு, "பொடியன் மாறிப் போட்டிருப்பான்"னு 1,900ஐ எடுத்து நீட்டினார். டயருக்கு ஒரு சதமும் இல்ல.

பில்லுன்னு என்கிட்ட இருக்கிறது சிகரெட் பெட்டி அட்டையில எழுதின ஒரு துண்டு. கடை பேரும் இல்ல, டயர் பேரும் இல்ல, தொகை மட்டுந்தான். நீங்க போனா மாட்டுறதுக்கு முன்னமே அந்த நாலு எண்ணையும் போன்ல படம் பிடிங்க, அதையே பில்லுல எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா வேற கடை பாருங்க.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையோட நம்பர் 1977. வாங்கி மூணு மாசத்துக்குள்ள எழுத்துல முறைப்பாடு குடுக்கணும். எனக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அந்த அட்டையையும் 1417 படத்தையும் எடுத்துக்கிட்டு திங்கட்கிழமை போறேன்.