எஸ்எஸ்டி மாற்றக் கொடுத்தேன், பழைய டிஸ்க்கையும் அழித்துவிட்டார்கள்

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டுத் தரச் சொல்லி சர்வீஸுக்குக் கொடுத்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: விண்டோஸும் புரோகிராம்களும் இருப்பது இருக்கிறபடி புது டிஸ்க்குக்கு வர வேண்டும். "குளோன் பண்ணித் தந்துடுறோம் சார், ஒரு ஐகான்கூட இடம் மாறாது" என்றார்கள். குளோனிங்குக்கென்று தனிக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் கையில் கொடுத்தபோது சட்டென்று ஆன் ஆனது. அந்த வேகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் வேறெதையும் திறந்து பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பார்த்தால் அது குளோனே இல்லை. புதிதாக விண்டோஸ் ஏற்றி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் மட்டும் காப்பி செய்து வைத்திருந்தார்கள். கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் இல்லை. அதன் டேட்டா சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில் இருந்தது, அதுவும் போயிற்று. விண்டோஸும் என்னுடையது அல்ல. என் லேப்டாப் ஹோம் எடிஷனோடு வந்தது. அதன் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் டிஸ்க்கை மாற்றினாலும் தானாக ஆக்டிவேட் ஆகியிருக்கும். இவர்கள் ப்ரோ எடிஷனைப் போட்டு, லைசென்ஸ் இல்லாமலே அதை ஆக்டிவேட் செய்யும் திருட்டு ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்யாதபடி விலக்கி வைத்திருந்தார்கள், அதற்குள்தான் அந்த ஆக்டிவேட்டர் இருந்தது. பேங்க் வேலையெல்லாம் நான் பார்ப்பது இதே மெஷினில்!

பழைய டிஸ்க் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு யுஎஸ்பியில் செருகினேன். காலி. ஃபோன் செய்து கேட்டால், "நீங்க எக்ஸ்டர்னலா யூஸ் பண்ணிக்குவீங்கன்னு ஃபார்மட் பண்ணிட்டோம் சார்" என்கிறார்கள். குளோன் செய்யும்போது பழைய டிஸ்க்கில் எதையும் எழுத வேண்டிய தேவையே கிடையாது, அதிலிருந்து படித்தால் போதும். கேட்காமல் அதை அழித்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

நல்லவேளையாக அது குயிக் ஃபார்மட். அதில் ஃபைல்களின் அட்டவணைதான் புதிதாகிறது, உள்ளடக்கம் மேலெழுதப்படும்வரை டிஸ்க்கிலேயே கிடக்கும். அதனால் அதில் ஒரு ஃபைலைக்கூடப் போடாமல், அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற புரோகிராமைக் கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு மீட்டேன். படங்கள் பெரும்பாலும் கிடைத்தன, ஆனால் பெயரும் ஃபோல்டரும் இல்லாமல் வெறும் எண்களாக. கணக்கு ஃபைல் கிடைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து பில்களை ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு முடியவில்லை. சந்தேகத்தில், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமைத் திறந்தேன். புதிது என்று விற்ற எஸ்எஸ்டி அதுவரை ஓடிய நேரம் 9,000 மணிக்கு மேல். ஓர் ஆண்டுக்கே 8,760 மணி நேரம்தான்.

நீங்கள் யாரிடமாவது இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால், பழைய டிஸ்க்கைத் தொடாமல் அப்படியே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். புதியதில் ஒரு மாதமாவது வேலை பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை முன்பே குறித்து வையுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், அங்கேயே நின்று, நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு புரோகிராமைத் திறந்து பழைய டேட்டா வருகிறதா என்று பாருங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் எடிஷன் மாறியிருக்கிறதா, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. சி டிரைவை மட்டும் நகலெடுத்துவிட்டுக் குளோன் என்று சொன்னாலும் ஏற்காதீர்கள். பூட் ஆகத் தேவையான சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனும் கூடவே வர வேண்டும்.

அந்த விண்டோஸை முழுவதும் அழித்து ஹோம் எடிஷனை நானே ஏற்றிவிட்டேன், உடனே ஆக்டிவேட் ஆனது. பாஸ்வேர்டுகளை எல்லாம் வேறொரு மெஷினிலிருந்து மாற்றினேன். எஸ்எஸ்டியை மாற்றித் தரவும் குளோனிங் கூலியைத் திருப்பவும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்றுவரை பதில் இல்லை.