பஜ்ஜு ஷ்யாமின் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’: நூல் மதிப்புரை

எழுத்தாளர் எழுதி முடித்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் படம் போட்டுத் தருபவர்தான் சிறார் நூல் ஓவியர் என்ற நினைப்பு நம் பதிப்புலகில் இன்னும் முழுமையாக மாறவில்லை. சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் வெளியிட்ட இந்த நூல் அதைத் தலைகீழாக்குகிறது. இதில் ஓவியரே கதைசொல்லி. அவர் வாய்மொழியாகச் சொன்னவற்றை கீதா உல்ஃபும் சிரிஷ் ராவும் எழுத்தில் வடித்திருக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தின் பாடன்கட் கிராமத்தைச் சேர்ந்த பஜ்ஜு, போபாலில் இரவுக் காவலாளியாகவும் எலெக்ட்ரீஷியனாகவும் பிழைத்துவந்து, பின்னர் தம் உறவினரும், கோண்டுப் பழங்குடியினரின் மரபு ஓவியத்தைச் சுவரிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்த முன்னோடியுமான ஜங்கட் சிங் ஷ்யாமிடம் தொழில் பழகியவர். 2002இல் லண்டன் இஸ்லிங்டனில் உள்ள இந்திய உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்டச் சென்றபோது கண்டவையே இந்நூலாயின.

கோண்டு மரபில் நேரத்தைக் குறிக்கும் சேவலையும் லண்டனின் பிக் பென்னையும் ஒரே உருவாக்கி, கடிகார முகப்பையே சேவலின் கண்ணாக வைத்திருக்கும் படம் நூலின் உச்சம். அதில் இரண்டு ஊர்களின் நேரமும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் அருகருகே நிற்கின்றன. விமானம் சிறகு முளைத்த யானையாகிறது. தினமும் ஏறிச்சென்ற 30ஆம் எண் பேருந்து விசுவாசமான நாயாகிறது. இருட்டிய பின் மதுக்கூடங்களில் கூடிக் கலகலக்கும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். (காட்டுவாசிகளைப் படம்பிடிக்க வந்தவர்களை இப்படித் திருப்பிப் பார்ப்பதில் உள்ள குறும்பு பெரியவர்களுக்குக் கூடுதலாகவே புரியும்.) உருவங்களுக்குள் நிரம்பியிருக்கும் நுண்கோடுகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், கோண்டு ஓவியர் ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போலத் தனி நிரப்புக்கோலம் உண்டு.

குறை ஒன்று உண்டு. படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை எழுத்து பல பக்கங்களில் மறுபடி விளக்கி, ஊகிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடுகிறது. பஜ்ஜு, துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்து 2006இல் வெளிவந்து, 2008இல் சிறார் நூல்களுக்கான சர்வதேச விருதான போலோன்யா ராகாத்சி விருதைப் பெற்ற ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ இந்த விஷயத்தில் அடக்கமானது. கறுப்புத் தாளில் கையால் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்யப்பட்ட அந்நூலில் சொற்கள் ஒதுங்கி நின்று ஓவியத்துக்கு வழிவிடுகின்றன. பஜ்ஜுவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இதை வாங்குவோர், முதல் சுற்றில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் காட்டி, ‘இது என்ன?’ என்று கேட்கலாம்.