நாகர்கோவிலில் ‘ஒரிஜினல்’ என்று விற்கப்பட்ட எல்இடி மேட்ரிக்ஸ்: வாங்குவோர் கவனத்திற்கு

தக்கலையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக முகபாவம் காட்டும் சிறிய ரோபோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அதன் கண்ணுக்கும் வாய்க்கும் எட்டுக்கு எட்டாகச் சிறு விளக்குகள் அடுக்கிய எல்இடி மேட்ரிக்ஸ் தேவைப்பட்டதால், நாகர்கோவிலில் உள்ள ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு அவளை அழைத்துச் சென்றேன். விளக்குகளை இயக்க மேட்ரிக்ஸுக்கு ஒரு மேக்ஸ் 7219 சிப் வீதம் பொருத்திய, நான்கு மேட்ரிக்ஸ் வரிசையாக இணைந்த மாட்யூல் இரண்டை எடுத்துக் காட்டிய கடைக்காரர், “டூப்ளிகேட் இல்ல சார், சிப் ஒரிஜினல்” என்று உறுதி சொல்லி, ஒன்றுக்கு 1,200 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். அதை நான் அப்படியே வாங்கி வந்தது பெரும் பிழை.

வீட்டில் இணைத்த முதல் நாளிலேயே கோளாறு தொடங்கியது. மின்சாரம் கொடுத்தவுடன் எல்லா விளக்குகளும் ஒருசேர எரிந்து நின்றுவிடும். சில வேளை மூன்றாவது மேட்ரிக்ஸுக்கு அப்பால் படம் சிதறும். புரோகிராமில்தான் தவறு என்று எண்ணி அந்தப் பிள்ளை மூன்று வாரம் இரவு பத்து மணி வரை திருத்தித் திருத்தி எழுதினாள். பணத்தைவிட எனக்கு இதுதான் ஆறாத வருத்தம்.

நேர்மையாகச் சொன்னால், எங்கள் இணைப்பிலும் குறைகள் இருந்தன. ஆனால் அவையும் கடைக்காரர் சொல்லித் தந்தவையே. புரோகிராமை ஓட்டும் இஎஸ்பி32 பலகையிலிருந்து நேரடியாக வயர் கொடுக்கலாம் என்றார். அந்தப் பலகை தரும் சமிக்ஞை 3.3 வோல்ட்தான்; ஆனால் 5 வோல்ட்டில் இயங்கும் மேக்ஸ் 7219, குறைந்தது 3.5 வோல்ட் வந்தால்தான் சமிக்ஞையை ‘உயர்நிலை’ என்று உறுதியாக ஏற்கும் என்று அதன் தரவுத்தாள் கூறுகிறது. யுஎஸ்பி மின்சாரமே போதும் என்றார். எல்லா எல்இடியும் முழு ஒளியில் எரிந்தால் ஒரு சிப்புக்கே ஏறத்தாழ 330 மில்லிஆம்பியர் வேண்டும். நான்குக்குக் கணக்கிட்டால் ஒரு ஆம்பியரைத் தாண்டிவிடும்; கணினியின் சாதாரண யுஎஸ்பி முனைக்கு அது அதிகம்.

ஆகவே இடையில் 74எச்சிடி125 சிப் வைத்துச் சமிக்ஞையை 5 வோல்ட்டுக்கு உயர்த்தினேன். ரோபோவின் மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுத்தேன். மின்னழுத்தம் சீராக இருக்க மாட்யூலின் மின்முனையில் 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களைச் சேர்த்தேன். கடைசி மேட்ரிக்ஸின் முனையில் மீட்டர் 4.9 வோல்ட் காட்டியது; அதாவது மின்சாரத்தில் குறையில்லை. கோளாறு குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமிருந்து ஒரேயொரு மேக்ஸ் 7219 வரவழைத்து, அதே வயர், அதே புரோகிராமோடு பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகி இணைக்கும் பலகையில்) ஓட்டினோம். இரவு முழுவதும் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

அதன் பின்னர்தான் மாட்யூலின் மேட்ரிக்ஸைக் கழற்றி, அடியிலிருந்த சிப்பை அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். எழுத்தோடு கறுப்புப் பூச்சும் கரைந்து பஞ்சில் ஒட்ட, கீழே தேய்த்த கீறல்கள் தெரிந்தன. வேறொரு சிப்பின் முகத்தைத் தேய்த்துப் பெயர் மாற்றியிருக்கிறார்கள். போலிச் சிப் உள்ள மலிவு மாட்யூல்கள் சந்தையில் ஏராளம். அவற்றில் பல ஓரளவு வேலை செய்யவும் செய்கின்றன. போலி என்று தெரிந்து 400 ரூபாய்க்கு வாங்குவது வேறு, ஒரிஜினல் என்று சொல்லி மும்மடங்கு வாங்குவது வேறு. உண்மையான சிப் ஒன்றின் சில்லறை விலையே பல நூறு ரூபாய் என்பதால், நான்கு சிப் உள்ள மாட்யூலை 1,200 ரூபாய்க்குத் தருவது கட்டுப்படியாகாது என்பதை அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

பஞ்சையும் மாட்யூலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். “வயரிங் மாத்திக் குடுத்திருப்பீங்க சார், பிரிச்ச சரக்கத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார். பிள்ளையின் முன்னாலேயே, “சின்னப் பிள்ளைங்க கையில குடுத்தா இப்படித்தான்” என்றும் சொன்னார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால் கடையின் பெயரோ பொருளின் பெயரோ இல்லாத துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்தெல்லாம் கண்காட்சிக் காலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வரும் பெற்றோரும் ஆசிரியர்களும், ‘மேக்ஸ் 7219, ஒரிஜினல்’ என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடையிலேயே 5 வோல்ட் கொடுத்து நான்கு மேட்ரிக்ஸிலும் எழுத்தை ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மறுத்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.